அடிக்கு ஆடுகிறவர்கள்

ஒருத்தருடைய வாத்தியத்துக்கு உடம்பையே விட்டுக்கொடுத்து ஆடுகிறவன், அந்த வாத்தியக்காரரை மனுசராக மதிக்கிறான் என்று எடுத்துக்கொள்ளலாமா? புதிய கேள்வி இல்லை. பறை இருக்கிற காலத்திலிருந்து நம் தெருக்களில் இருக்கிற கேள்விதான். ஆனால் நம்மூரில் வைத்து இதைக் கேட்டால் ஆளாளுக்குக் கையில் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுகிறோம். ஒருவர் 'பறை விடுதலையின் குரல்' என்கிறார், இன்னொருவர் 'பறையைக் கிழித்துப் போடு' என்கிறார். கூட்டம் முடிந்து டீ குடித்துக் கலைந்துவிடுகிறோம். எனவே இதை வேறோர் ஊரில், வேறோர் இரவில் வைத்துக் கேட்டுப்பார்க்கிறேன். கடைசியில் நம்ம தெருவுக்கு வந்துதான் ஆகவேண்டும். வருகிறபோது வரட்டும்.

1979 மே 2. லண்டனில் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் என்கிற பகுதி. அங்கே ரயில்வே ஓட்டல் என்று ஒரு மதுக்கடை. அதன் பின்பக்கம் மூன்லைட் கிளப் என்று ஒரு சின்னக் கூடம். மறுநாள் பிரிட்டனில் பொதுத்தேர்தல். வெளிநாட்டுக்காரர்கள் வந்து நம் நாட்டை மூழ்கடித்துவிடுவார்கள் என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று 1978 ஜனவரியில் தொலைக்காட்சியில் பேசிய மார்கரெட் தாட்சர் பிரதமராக வரப்போகிறார். வெள்ளையர் தவிர மற்றவர்களை எல்லாம் கப்பலேற்றி அனுப்ப வேண்டும் என்கிற நேஷனல் ஃப்ரண்ட் கட்சி (நம்மூரில் வி.பி. சிங் காலத்தில் இருந்த தேசிய முன்னணியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) 303 தொகுதிகளில் ஆள் நிறுத்தியிருக்கிறது. ஒன்பது நாள் முன்பு, ஏப்ரல் 23 அன்று, பஞ்சாபி மக்கள் நிறைந்து வாழும் சவுத்தாலில் இந்தக் கட்சி நகரமன்றத்தில் கூட்டம் போட்டபோது எதிர்த்து நின்றவர்களைப் போலீஸ் அடித்தது. பிளேர் பீச் என்கிற ஆசிரியர் மண்டையில் அடிபட்டுச் செத்தார்.

அந்த மே 2 ராத்திரி மூன்லைட் கூடத்தில் வாசித்தது 'த ஸ்பெஷல்ஸ்' என்கிற குழு. கவென்ட்ரியில் இருந்து வந்தவர்கள். ஏழு பேர். லின்வல் கோல்டிங்கும் நெவில் ஸ்டேப்பிளும் ஜமைக்காவில் பிறந்த கறுப்பர்கள், மற்ற ஐந்து பேரும் வெள்ளைக்காரர்கள். அன்று வாசித்தது ஒலிநாடாவாகப் பல காலம் கைக்குக் கை மாறிச் சுற்றியது. எனக்கு ஒரு நண்பர் மூலமாக, பிரதிக்குப் பிரதி எடுத்த ஒரு கேசட்டாக வந்தது. பாட்டைவிட எனக்கு அதில் பிடித்தது கூட்டத்தின் சத்தம்தான். கூரை தாழ்ந்த கூடம், உள்ளே நெருக்கியடித்து ஆட்கள், எல்லார் காலும் ஒரே நேரத்தில் தரையில் விழுகிறது. கேட்டாலே வேர்க்கும்.

அவர்கள் வாசித்தது ஸ்காவும் பங்கும் கலந்த ஒரு சரக்கு. ஸ்கா ஜமைக்காவின் தலைநகரம் கிங்ஸ்டனில், 1950களின் கடைசியில் ஏழைத் தெருக்களில் பிறந்தது. அமெரிக்கக் கறுப்பர்களின் இசைத்தட்டுகளைப் பீரோ மாதிரி பெரிய ஒலிபெருக்கிகளில் போட்டுத் தெருவில் ஆடியவர்கள், பிறகு தாங்களே வாசிக்க ஆரம்பித்தார்கள். அதை வாசித்த 'ஸ்கடலைட்ஸ்' குழுவின் பெரிய கலைஞர்கள் நாலு பேர், ஆல்ஃபா என்கிற கன்னியாஸ்திரிகள் நடத்திய பையன்கள் பள்ளியில் ஊதக் கற்றவர்கள். அநாதைகளும் வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லாத பிள்ளைகளும் படித்த பள்ளி அது. அந்தத் தாளத்தின் சூட்சுமம் எளிமையானது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே போங்கள். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் கித்தார் 'சக்'கென்று வெட்டும். நீங்கள் எண்ணை விட்டுவிட்டு இடைவெளியைப் பிடித்து ஆடவேண்டும். யோசித்தால் வராது. உடம்பு தானாக ஒப்புக்கொடுத்தால்தான் வரும்.

பங்க் 1976இல் லண்டனில் வெடித்தது. அதற்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, கோபம் இருந்தால் போதும். 1977இன் ஆரம்பத்தில் பங்க் பையன்கள் கூடிய 'ராக்ஸி' என்கிற சின்ன இடத்தில் குழுக்களுக்கு நடுவே இசைத்தட்டு போட்டவர் டான் லெட்ஸ். ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. பங்க் இசைத்தட்டு என்று அப்போது அதிகம் வரவில்லை, அதனால் தன்னிடம் இருந்த ரெக்கே தட்டுகளைப் போட்டார். வெள்ளைப் பையன்களுக்குப் பிடித்துப்போனது. இரண்டு இசையும் சேர்ந்த கதையில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரு கறுப்பு வாலிபரின் கையில் இருந்த தட்டுகள், அவ்வளவுதான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இந்தத் தாளத்தை வெள்ளைக்காரப் பையன்கள் அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே விரும்பினார்கள். 1969 வாக்கில் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, கனத்த பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கால்சட்டைக்குத் தோள்பட்டை வார் போட்டுக்கொண்டு திரிந்த ஸ்கின்ஹெட் பையன்கள், கூலிவேலைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஜமைக்க இசைக்குத்தான் ஆடினார்கள். கறுப்புப் பையன்களோடு ஒரே கூடத்தில் ஆடினார்கள். அதே பையன்களில் பலர் வெளியே வந்து 'பாக்கி அடிக்கப் போறோம்' என்று பேர் வைத்துப் பாகிஸ்தானி, வங்காளி, இந்தியக் கூலிக்காரர்களைத் தெருவில் துரத்தி அடித்தார்கள். உள்ளே ஆட்டம், வெளியே அடி. இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

இதைப் 'படிப்பில்லாத முரட்டுப் பயல்கள்' என்று தள்ளிவிட முடியாது. எரிக் கிளாப்டன் என்கிற புகழ்பெற்ற கித்தார் கலைஞர், வாழ்நாள் முழுக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் இசையை வாசித்தவர், 1974இல் பாப் மார்லியின் ஒரு பாட்டைத் தன் குரலில் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். அவர்தான் 1976 ஆகஸ்ட் 5 அன்று பர்மிங்ஹாம் மேடையில், வந்தேறிகளை வெளியேற்றச் சொன்ன இனோக் பவலை ஆதரித்துப் பேசினார். 2018இல் அதற்காக வெட்கப்படுவதாகச் சொன்னார், அது வேறு. அந்தப் பேச்சைக் கண்டித்துப் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்திலிருந்துதான் 'ராக் அகென்ஸ்ட் ரேசிசம்' என்கிற இயக்கம் பிறந்தது. தெருப்பையனும் மேதையும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். தாளத்தை எடுத்துக்கொள்வான், ஆளை வேண்டாம் என்பான்.

கலை மனிதனைப் பண்படுத்தும் என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லித் தருகிறார்கள். ஷில்லர் 1795இலேயே அழகின் வழியாகத்தான் மனிதன் முழு மனிதனாகிறான் என்கிற மாதிரி கடிதங்கள் எழுதினார். அதே ஜெர்மன் பண்பாட்டின் வாரிசுகள்தான் ஆஷ்விட்சில் கைதிகளைக் கொண்டே வாத்தியக்குழு அமைத்து, மற்றக் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகும்போது வாசிக்கச் சொன்னார்கள். ரசனை இருந்தது. யாரையும் அது காப்பாற்றவில்லை. உடம்பு ஒரு தாளத்துக்கு ஒப்புக்கொடுப்பது வேறு, மனசாட்சி ஒரு மனிதருக்கு ஒப்புக்கொடுப்பது வேறு. முன்னது தானாக நடக்கும், பின்னதுக்கு விலை உண்டு. இந்த விலையை யார் கொடுக்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியம்.

ஸ்பெஷல்ஸ் குழுவை உருவாக்கிய ஜெர்ரி டாமர்ஸுக்கு இந்த விசயம் தெரியும். (இவர் பிறந்தது நம்ம ஊட்டியில், 1955இல். அப்பா ஆங்கிலிகன் பாதிரியார். இதைப் படித்ததும் சிலருக்கு 'நம்மாளு' என்று மார்பு விரியலாம். விரிக்க வேண்டாம். வெள்ளைக்காரப் பாதிரி வீட்டுப் பிள்ளை, குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டார்.) 1978இல் 'த க்ளாஷ்' குழுவோடு ஊர் ஊராகப் போனபோது பிராக்னெல் என்கிற ஊரில், கூட்டத்தில் இருந்த நேஷனல் ஃப்ரண்ட் ஸ்கின்ஹெட் பையன்கள் மேடையேறி அடிதடி செய்தார்கள். அந்த இரவில்தான் தன் குழு எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்ததாக டாமர்ஸ் பின்னாளில் சொன்னார். ஸ்கின்ஹெட் பாணி திரும்பி வரப்போகிறது, அது பாசிசக்காரன் கையில் போய்விடக்கூடாது, அதனால் அந்தப் பையன்களுக்கு மூத்த தலைமுறை ஸ்கின்ஹெட்கள் ஆடிய அந்த ஸ்காவையே எடுப்போம், ஆனால் இந்த முறை வாசிக்கிற கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே மேடையில் கண்ணெதிரே நிறுத்துவோம் என்று. 1979இல் அவர் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்துக்கு 'டூ டோன்' என்று பேர். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பட்டைதான் அதன் அடையாளம்.

இது நல்ல திட்டம். இன்றைக்கும் நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன். 'உனக்குப் பிடிச்ச தாளம் யாரோடது பாருடா' என்று காட்டுவது. நெவில் ஸ்டேப்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இந்தக் குழுவுக்கு முதலில் சாமான் தூக்க வந்தவர். ஒலிப்பெட்டிப் பக்கம் நின்றுகொண்டு மைக்கில் ஜமைக்க பாணியில் குரல் கொடுக்க ஆரம்பித்து, அப்படியே மேடைக்கு வந்துவிட்டார். சுமை தூக்கியவன் மேடை ஏறுவது சின்ன விசயம் இல்லை. நமக்கு அது தெரியும்.

ஆனால் கதவு திறந்தே இருந்தது. திறந்த கதவுக்குள் யார் யார் வந்தார்கள்? டூ டோன் கச்சேரிகளின் முன்வரிசையில் கறுப்பர் இசைக்குக் குதித்து ஆடிவிட்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கையை நீட்டி நாஜி வணக்கம் போடுகிற பையன்கள் இருந்தார்கள். பாலின் பிளாக் 'த செலக்டர்' குழுவின் பாடகி. அந்தக் குழுவில் ஏழில் ஆறு பேர் கறுப்பர். வெள்ளைத் தம்பதி தத்தெடுத்து வளர்த்த அந்தப் பெண், மேடையில் நின்று அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே பாடியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். அவன் கால் உங்கள் தாளத்தில் இருக்கிறது. அவன் கை உங்களைக் கொல்லச் சொல்கிறது. இரண்டும் ஒரே உடம்பில்.

அவனை வெளியே தள்ளலாமா? உள்ளே விட்டு மாற்றலாமா? குழுக்களுக்குள் இந்தச் சண்டை ஓயாமல் நடந்தது. ஸ்பெஷல்ஸ் பெரும்பாலும் எடுத்த வழி, உள்ளே விடுவது. அடிதடி வந்தால் பாட்டை நிறுத்துவது. நிறுத்திவிட்டு, சண்டை நின்றால்தான் அடுத்த பாட்டு என்று மேடையிலிருந்து சொல்வது. 1980 அக்டோபரில் கேம்பிரிட்ஜில் கூட்டத்துக்கும் காவலாட்களுக்கும் நடந்த மோதலை அப்படி நிறுத்தப்போன டாமர்ஸையும் பாடகர் டெர்ரி ஹாலையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். கலவரத்தை நிறுத்தப்போனவனுக்கே அபராதம். இது உலகப் பொதுவழக்கம் போலிருக்கிறது.

உள்ளே விட்டதால் மாறினவர்கள் உண்டு, எத்தனையோ பேர். அதை மறுக்கமாட்டேன். ஆனால் கதவைத் திறந்து வைப்பது என்று முடிவெடுக்கிறபோது அந்த வாசலில் யாருடைய உடம்பு நிற்கிறது? 1980இல், இதே மூன்லைட் கிளப்புக்கு வேறொரு குழுவின் வாசிப்பைக் கேட்கப் போன லின்வல் கோல்டிங்கை வெளியே தெருவில் வெள்ளையர்கள் அடித்து நொறுக்கினார்கள். போன வருசம் அதே கூடத்தில் மேடையில் நின்று கித்தார் வெட்டியவர். 'ஏன்?' என்று ஒரே ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்து அவர் பிறகு ஒரு பாட்டு எழுதினார். 1982இல் கவென்ட்ரி இரவு விடுதி ஒன்றில் அவர் கழுத்தில் கத்தி விழுந்தது. பிழைத்தார். ஐந்து வெள்ளைக்காரர்களும் இரண்டு கறுப்பர்களும் சேர்ந்து எடுத்த முடிவு அது. தழும்பு யார் கழுத்தில் என்று பாருங்கள். டாமர்ஸின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. நல்லவர்களின் திட்டங்களிலும் ரத்தக் கணக்கு சமமாக இருப்பதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கே நம்ம தெரு குறுக்கே வருகிறது.

எனக்குப் பத்து வயசு இருக்கும். அப்போதைய தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊரில் பெரிய வீட்டுச் சாவு. பெரியப்பா தலைப்பறை. அவரோடு இன்னும் நாலு பேர். பாடை கிளம்ப நேரமாகும் என்று ஊர் இளவட்டங்கள் குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம்னா ஆட்டம், அப்படி ஓர் ஆட்டம். பத்து ரூபாய் நோட்டைத் தரையில் வைப்பார்கள். பெரியப்பா அடியை நிறுத்தாமல் குனிந்து வாயால் எடுக்கவேண்டும். எடுத்தார். விசில் அடித்தார்கள். அவரைவிட இருபது வயது இளையவன் ஒருவன் 'கொன்னுட்டடா டேய்' என்று கட்டிக்கூடப் பிடித்தான். சாராயமும் சாவும் இருக்கிற இடத்தில் அந்த நேரத்துக்குத் தீட்டு இல்லை. அண்ணன், பெரியப்பாவின் மகன், பறை காய்ச்ச வைக்கோல் தூக்கிக்கொண்டு வந்தவன். அவனுக்கும் கால் நிற்கவில்லை. அப்பன் அடிக்கிற அடி, பிள்ளைக்கு ஆடத் தோன்றாதா? கட்டைக் கீழே போட்டுவிட்டு அந்த வட்டத்துக்குள் போய் ரெண்டு சுற்று ஆடினான். பளாரென்று ஓர் அறை. 'யார்கூட யார்ரா ஆடறது?'

பெரியப்பா கையை எடுத்துவிட்டார். மற்ற நாலு பேரும் எடுத்துவிட்டார்கள். திடீரென்று ஒப்பாரி மட்டும் கேட்டது. அதுவரை அந்த வீட்டில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெரியவர் ஒருவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து 'ஏன்டா நிறுத்தின?' என்று கேட்டார். பெரியப்பா தலை நிமிராமல் சொன்னார்: "தோலு எறங்கிப்போச்சு ஆண்டே. காய்ச்சணும்."

தோல் இறங்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காட்டிக் காட்டி, திருப்பித் திருப்பி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டி, ரொம்ப நேரம் காய்ச்சினார். ஆட வந்தவர்கள் கை காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு அடித்தார். அடித்துத்தானே ஆகவேண்டும்.

டாமர்ஸ் பாட்டை நிறுத்தியபோது 'நிறுத்துகிறேன்' என்று மைக்கில் சொன்னார். அவருக்கு மேடை சொந்தம், நிறுவனம் சொந்தம், போனால் அபராதம். பெரியப்பாவுக்கு 'நிறுத்துகிறேன்' என்கிற சொல்லே இல்லை. தோலின் பேரைச் சொல்லி நிறுத்தினார். ஒரு தோல் காய்கிற நேரம், அந்த நேரத்தை இழுத்துப் பெரிசாக்கினார். ஒழுக்கவியல் எழுதுகிறவர்கள் 'மறுக்கும் உரிமை' பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்த உரிமை யாரிடம் எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்று அளந்து பார்க்கிறவர்கள் குறைவு.

நிறுத்துவதற்கும் வழியில்லாதவர்கள், கச்சேரியே தங்கள் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தால் என்ன செய்வார்கள்? அதுவும் நடந்தது. 1981 ஜூலை 3, அதே சவுத்தால், ஹாம்ப்ரோ டேவர்ன் என்கிற ஒரு மதுக்கடை. பங்கில் 'ஓய்' என்று ஒரு பிரிவு, அதில் மூன்று குழுக்கள்: த பிசினஸ், த லாஸ்ட் ரிசார்ட், த ஃபோர் ஸ்கின்ஸ். அதற்குச் சில வாரங்கள் முன்பு வந்திருந்த ஓய் இசைத்தட்டுத் தொகுப்பு ஒன்றின் தலைப்பு நாஜிக்களின் ஒரு கோஷத்தை ஒட்டி இருந்தது. அட்டைப்படத்தில் இருந்தவன் 'பிரிட்டிஷ் மூவ்மென்ட்' என்கிற நாஜி அமைப்பின் ஆள். ஸ்கின்ஹெட் ரசிகர்கள் பேருந்துகளில் வந்து இறங்கினார்கள். கச்சேரிக்கு முன்பே கடைகளின் கண்ணாடியை உடைத்தார்கள், ஆட்களைத் தாக்கினார்கள். அந்தத் தெருக்களில் 1976 ஜூனில் குர்தீப் சிங் சக்கர் என்கிற பதினெட்டு வயதுப் பையனைக் குத்திக் கொன்றிருந்தார்கள். 1979இல் பிளேர் பீச். இந்த முறை ஆசிய இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு வந்தார்கள். ராத்திரி முடிவதற்குள் அந்த மதுக்கடை எரிந்து முடிந்தது. வாசித்தவர்கள் தப்பித்துப் போனார்கள்.

தாங்கள் இனவெறியர்கள் அல்ல என்று குழுக்காரர்கள் பிறகு சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் இத்தனை ஊர் இருக்க அந்தத் தெருவில், அந்த ஆட்களை வரவழைத்து வாசிப்பது என்றால் என்ன? ஊர்த் தேர் சேரி வழியாகத்தான் போகும், ஆனால் சேரிக்காரன் வடம் தொடக்கூடாது என்கிற மாதிரிதான் இதுவும். பாட்டில் ஒரு தப்பும் இருக்காது. பாட்டு எந்தத் தெருவில் யாரைக் கூட்டிக்கொண்டு நுழைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். அந்தப் பையன்களின் பூட்ஸ், வார், மொட்டைத்தலை எல்லாமே 1969 ஸ்கா ஆட்டக்காரர்களிடமிருந்து வந்தவை. சட்டையை வைத்துக்கொண்டார்கள், தாளத்தைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

எரித்தது சரியா? எரித்ததில் எனக்கு ஆனந்தம் இல்லை. ஆனால் அதை மூன்லைட் கிளப்பின் திறந்த கதவுக்கு எதிர்ப்பதமாக நிறுத்தி, 'பார், அங்கே அன்பு, இங்கே வன்முறை' என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே மாதம் பிராட்ஃபோர்டில், பாசிசக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெட்ரோல் குண்டு தயார் செய்து வைத்த பன்னிரண்டு ஆசிய இளைஞர்கள் மேல் சதி வழக்குப் போட்டார்கள். தயார் செய்ததை அவர்கள் மறுக்கவில்லை. எங்கள் மக்களைக் காப்பாற்றச் செய்தோம் என்றார்கள். 1982 ஜூனில் ஜூரி அவர்களை விடுதலை செய்தது. காந்தி பேரைச் சொல்லி நமக்கு ஆயுசு பூராவும் பொறுமை கற்றுக்கொடுத்தவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு முறை படிக்கலாம்.

அந்த நாட்களில் பிரிட்டனில் 'கறுப்பர்' என்றால் ஆசியரையும் சேர்த்துத்தான். அடி வாங்கியபோது எல்லாரும் ஒன்று. நம் ஆட்கள் இதைச் சொல்லி ரொம்பவும் உருகுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவைக்கிறேன். பிரிட்டனில் ரவிதாசியா மக்கள் தங்களுக்கென்று தனி குருத்வாராக்கள் கட்டிக்கொண்டுதான் வாழவேண்டியிருந்தது. ஸ்கின்ஹெட் எல்லாரையும் ஒரே பேர் சொல்லித்தான் அடித்தான், ஜாட் என்றும் சமார் என்றும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்த்தது நம்மவர்கள்தான். சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்று 2013இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முடிவு செய்ததையும், அங்கே உள்ள இந்து அமைப்புகள் எதிர்த்து நின்றன. 2018இல் அரசாங்கம் கைவிட்டுவிட்டது.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையை எழுதியது லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டலின் மாநாட்டில் பேச. சாதியை உடைப்போம் என்று சொல்லிக்கொண்ட சாதி இந்துக்களின் சங்கம். உரையைப் படித்துவிட்டு மாநாட்டையே ரத்து செய்தார்கள். கூப்பிட்ட மேடையே கதவைச் சாத்திக்கொண்டது. அந்த உரையில் சமபந்தி விருந்து பற்றி அவர் சொல்வதை நான் ஆட்டத்துக்கும் பொருத்திப் பார்க்கிறேன். சேர்ந்து சாப்பிடுவதால் சாதி சாகவில்லை, சேர்ந்து சாப்பிடுகிற சாதிகளுக்கு நடுவிலும் சாதி உயிரோடு இருக்கிறது, அது மனசில் புனிதமாக உட்கார்ந்திருக்கிறது என்கிறார். சேர்ந்து ஆடுவதாலும் அது சாகாது. ஒரு இலையில் உட்கார்ந்தவன் எழுந்து கைகழுவி வீட்டுக்குப் போகிற மாதிரி, ஆடினவனும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறான்.

அப்படியானால் மூன்லைட் இரவு வீணா? வீணில்லை. அந்தக் கேசட்டை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை. பறையை மேடையில் தூக்கி அடிக்கிற நம் பிள்ளைகளைப் பார்க்கிறபோது, சென்னையில் 2018இல் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவும் ராக்கும் கலந்து மேடையேறியதைப் பார்த்தபோது, எனக்கும் கால் நிற்கவில்லை. ஆனால் கூட்டத்தில் யார் யார் ஆடுகிறார்கள் என்று எண்ணிக் குஷிப்படுகிற தோழர்களிடம் ஒன்று கேட்பேன். ஆடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை விடுங்கள். அடி நின்றால் என்ன ஆகும்? நின்ற அந்த நிமிசத்தில், ஆடிக்கொண்டிருந்தவர்களில் எவன் 'ஏன்டா நிறுத்தின' என்கிறான், எவன் அறை வாங்கிய பையன் பக்கம் போய் நிற்கிறான்? கவென்ட்ரியில் 1981 ஏப்ரலில் சத்னாம் சிங் கில் என்கிற மாணவனைக் கொன்றபிறகு, ஜூன் 20 அன்று ஸ்பெஷல்ஸ் அதே ஊரில் ஒரு விளையாட்டரங்கத்தில் இனவெறிக்கு எதிராக வாசித்தார்கள். அன்றைக்கே நேஷனல் ஃப்ரண்டும் ஊர்வலம் போவதாக அறிவித்திருந்தது. பயந்து நிறையப் பேர் வரவில்லை. வந்தவர்களை நான் நம்புவேன்.

இதையெல்லாம் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனிடம் சொன்னேன். அறை வாங்கினவன். இப்போது அறுபது தாண்டிவிட்டது, மகன் வீட்டில் இருக்கிறார். பெரியப்பா போய் முப்பது வருசம். சவுத்தால் கதையை மட்டும் கவனமாகக் கேட்டார்.

"கொளுத்திட்டானுங்களா?"

"ஆமாண்ணே. மொத்தமா."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "எங்கப்பாவும் அன்னிக்கு ரெண்டு கட்டு வைக்கோலு கொளுத்துனாரு தம்பி. ஒரு பறைக்கு ஒரு பிடி போதும்."